விமான வாசல் வரை வண்டி

மே 3, சனி

இது என் மகள் தன்யாவுக்குக் கால் பயிற்சி சொல்லித்தரும் ஸ்டெல்லா டீச்சர் கொடுத்த நோட்டு. "தினமும் என்னென்ன பயிற்சி குடுத்தீங்கன்னு தேதி போட்டு எழுதுங்க மாரீஸ்வரி. ஷார்ஜா போனதும் அங்க உள்ள டாக்டர் பாத்துக்கிடுவாரு" என்றார். சரி, எழுதுகிறேன். கால் நீட்டல், இரண்டு காலுக்கும் இருபது தடவை. நிற்கும் பலகையில் ஒன்பது நிமிடம். அதற்கு மேல் "போதும்மா, டயர் பஞ்சர்" என்று சொல்லிவிட்டாள் தன்யா. வயது நாலு, வாய் மட்டும் நாற்பது.

இரண்டு வரியில் எழுதி முடித்தாயிற்று. மிச்சப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. திருத்தங்கலில் பிறந்து, பாதி ஊர் அச்சாபீஸில் வேலை பார்க்கும்போது, நல்ல தாளை வீணாக்க மனசு வரவில்லை. அதனால் மற்றதையும் எழுதிவைக்கப் போகிறேன்.

விசா வந்துவிட்டது. எனக்கும் தன்யாவுக்கும் மே முப்பது, வெள்ளிக்கிழமை, மதுரையிலிருந்து துபாய்க்குப் பகல் விமானம். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறார், மூன்று வருடமாக. இனி மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்போம். மாமா, அவருடைய அப்பா, தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டு வந்தார். எனக்குக் கொடுக்க மறந்துவிட்டார்.

மே 5, திங்கள்

நீட்டல் இருபது. பலகை எட்டு நிமிடம்.

இன்று போனில் சண்டை. ஒரு வண்டிக்காக.

தன்யாவின் தள்ளுவண்டியை அவர்தான் போன லீவில் அங்கிருந்து கொண்டுவந்தார். நீல நிறம், பெரிய சக்கரம், முதுகை நேராகப் பிடித்துக்கொள்ளும் பெல்ட். தன்யாவுக்கு அது பஸ். அவளே டிரைவர், அவளே கண்டக்டர். தள்ளுகிற நான் யார் என்று கேட்டதற்கு, "நீ இன்ஜின்" என்றாள்.

அவர் விமானக் கம்பெனியின் விதியை வாசித்துக் காட்டினார். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் தள்ளுவண்டியை விமான வாசல் வரை தள்ளிக்கொண்டே போகலாம். அங்கே வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும் இடத்தில் வாசலிலேயே திருப்பிக் கொடுப்பார்களாம். இரண்டு வயதுக்கு மேலே என்றால் கவுன்டரிலேயே லக்கேஜோடு போட்டுவிட வேண்டும். மருத்துவக் காரணத்துக்காக வண்டி தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் வயது கணக்கில்லை. அதற்கு டாக்டர் கடிதம் வேண்டும். 'சிறப்பு உதவி தேவைப்படும் பயணி' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டு, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே பதிந்துவிட வேண்டும்.

"டிக் போட்டுரவா மாரி?"

"என்னத்துக்கு? போட்டா ஆயிரத்தெட்டு கேள்வி கேப்பாங்க. விசாவுல கை வச்சாங்கன்னா?"

"விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் விசாரிச்சிட்டேன்."

"நடக்கக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதானே. அதுக்குப் போயி..."

 "டாக்டர் என்ன சொன்னாரு மாரி?" என்று கேட்டார்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு, மோர் குடிங்கன்னு சொன்னாரு" என்று போனை வைத்துவிட்டேன்.

டாக்டர் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெயர் சொன்னார். அது ஃபைலில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்கு 'கால் லேட்டு' என்று சொல்லியிருக்கிறேன். அதை இந்த நோட்டில் வேறு எழுத வேண்டுமா என்ன?

மே 8, வியாழன்

பலகை பத்து நிமிடம்! அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளக்கிறது. வடகம் மட்டும் ஒரே நாளில் காய்ந்துவிட்டது.

மே 11, ஞாயிறு

பொன்ராணி மதினி வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, அடுத்த தெரு. காலண்டர் பைண்டிங் கம்பெனியில் தாள் அடுக்குகிற வேலை. அத்தை போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டுக்கு எல்லாமே மதினிதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து தன்யாவின் காலில் தேய்த்துவிடுவார். அந்தக் கைக்கு அவள் பூனைக்குட்டி மாதிரி மயங்கிக் கிடப்பாள். எனக்கென்றால் உதைப்பாள்.

"அத்த, டிக்கெட் எடு."

"எந்த ஊருக்குடி?"

"ஷார்ஜா."

"என்னைய விருதுநகர்ல எறக்கி விட்ரு தாயி, அது போதும்."

சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். "அந்த வண்டிய இங்கயே போட்டுட்டுப் போ மாரி. வண்டியிலயே வச்சுப் பழக்கிட்ட. ஒக்காந்து சொகங்கண்ட கால் எப்படி நடக்கும்? என் தம்பி காளிராசே மூணு வயசுலதான் நடந்தான். எங்க வம்சமே காலு லேட்டு."

"ஆமா மதினி" என்றேன். வேறென்ன சொல்ல? இந்த 'வம்சமே லேட்டு' மதினியாகக் கண்டுபிடித்ததல்ல. நான் எடுத்துக் கொடுத்ததுதான்.

மே 14, புதன்

நீட்டல் இருபது. பலகை ஒன்பது.

வண்டியை எடை போட்டேன். பதினொரு கிலோ. மடக்கினாலும் கைப்பை அளவுக்குள் வராது. டேப்பை வைத்து மூன்று தடவை அளந்தேன். நான்காவது தடவை அளந்தால் குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை.

வண்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று ஒரு சோதனை. முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, இடுப்பில் தன்யா. அவள் பதினான்கு கிலோ. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். மாரியம்மன் கோயில் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. அவள் கால் விறைத்துக்கொண்டு என் இடுப்பில் நிற்காமல் வழுக்குகிறது. பால்காரர் ராமர், "என்னம்மா, புள்ள இன்னும் நடக்கலியா?" என்று கேட்டார். "இவளுக்குக் கொழுப்பு அண்ணே, எறங்க மாட்டேங்கா" என்றேன்.

துபாய் விமான நிலையம் இந்த ஊரைவிடப் பெரிது என்கிறார்கள்.

சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு, "என்னமோ பண்ணுங்க, டிக் போடுங்க" என்றேன். "சரிம்மா" என்றார். மனுஷன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மே 17, சனி

டாக்டரிடம் கடிதம் வாங்கிவந்தேன். ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ். வாசித்தும் காட்டினார். பிறவியிலேயே வந்தது, மூளையிலிருந்து காலுக்குப் போகிற கட்டளை சரியாகப் போவதில்லை, தசை இறுகிக்கொள்கிறது. பயிற்சி கொடுத்தால் பிடித்துக்கொண்டு நடக்கலாம். நீண்ட தூரத்துக்குச் சக்கரம் தேவைப்படும், பெரியவளானாலும். புத்திக்கு ஒன்றுமில்லை. அதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேனே, பெரிய கிழவி மாதிரி பேசுவதை.

கடிதத்தைப் பச்சை ஃபைலில் போட்டு, துணியில் சுற்றி வடகப் பையின் அடியில் வைத்துவிட்டேன். பீரோவில் வைத்தால் மதினி பட்டுப்புடவையை மடிக்கும்போது பார்த்துவிடுவார். மதினிக்கு வடகம் ஆகாது, நெஞ்செரிச்சல்.

மே 20, செவ்வாய்

என்னவென்று எழுத!

நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். என் போன் கீழே. மதினி இருந்திருக்கிறார், போன் அடித்திருக்கிறது, எடுத்துவிட்டார். நான் இறங்கி வரும்போது முகமெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"எவளோ பிளைட்டுக் கம்பெனியாம். 'சிறப்பு உதவி தேவைப்படும் குழந்தை தன்யஸ்ரீக்கு'ன்னு ஆரம்பிச்சா பாரு, வந்துச்சே கோவம்! எங்க வீட்டுப் புள்ளைக்கு ஒரு குறையும் கெடையாது, காலு லேட்டு, அவ்வளவுதான், எவன் சொன்னான் ஒனக்குன்னு நல்லாக் கேட்டேன். அப்ப கேன்சல் பண்ணிரவான்னா. பண்ணு தாயின்னேன். காளிராசு தெரியாத்தனமா எதையோ அமுக்கியிருப்பான் போல."

கையில் துணிக்கூடையோடு நின்றேன். "சரிதான் மதினி" என்றேன்.

எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. மதினி சொன்னது ஒவ்வொன்றும் நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்திருக்கிறார்.

மே 21, புதன்

பலகை பத்து. அவர் போன் செய்தார். "கன்பர்ம் பண்ணக் கூப்பிட்டாங்களா?" "கூப்பிட்டாங்க" என்றேன். பொய் இல்லையே. கூப்பிட்டார்கள்தான்.

நாளைக்கு நானே பேசிச் சரிபண்ணிவிடலாம்.

மே 23, வெள்ளி

விமானக் கம்பெனி லைன் கிடைக்கவில்லை. (நான் போடவில்லை. போட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.)

மே 25, ஞாயிறு

பலகை பதினொன்று. காலையில் வண்டிக்குப் பூஜை!

மாமா சும்மா இருக்கிற ஆளா? மின்வாரியத்தில் ரிட்டயர்டு ஆனதிலிருந்து ஏதாவது விழா நடத்த வேண்டும் அவருக்கு. "புது வண்டி வெளிநாடு போகுது, பூசை போடாம அனுப்பலாமா?" என்று தள்ளுவண்டிக்குச் சந்தனம், குங்குமம், கைப்பிடியில் கதம்பம். மாரியம்மன் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். லாரிக்கு என்றால் அழுத்தி நசுக்கிவிடும். இது தள்ளுவண்டி. முன்சக்கரம் பழத்தில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் தள்ள, மாமா பின்னாலிருந்து முட்ட, பூசாரி கைகொடுக்க, கடைசியில் ஒரே ஒரு பழம் நசுங்கி, மாமா வேட்டியில் பீய்ச்சி அடித்தது. தன்யா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் ஊதப் பார்த்தாள். வெறும் எச்சில்தான் வந்தது. "ரைட்ரைட், போலாம்!" என்று கத்தினாள்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து. வண்டியை விட்டுவிட்டுப் போ என்ற மதினிகூடக் கதம்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டார்.

மே 28, புதன்

பகல் பன்னிரண்டோடு நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு முடிந்தது. இனி பதிய முடியாது. ஒரு வேலை விட்டது என்று படுத்தேன். தூக்கம் வந்தால்தானே.

பயிற்சி கொடுக்கவில்லை. மூட்டை கட்டுகிற வேலை.

மே 31, சனி. ஷார்ஜா

வந்து சேர்ந்துவிட்டோம். அவர் தன்யாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார், உள்ளே பஸ் ஹாரன் சத்தம் கேட்கிறது. நேற்று நடந்ததை இப்போதே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வசதியான மாதிரி மாற்றிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

வழியனுப்ப ஒரு வேன். எங்களைச் சேர்த்துப் பதினாறு பேர். விமான நிலைய வாசலில் எல்லாக் குடும்பமும் செய்கிற வேலையைத்தான் நாங்களும் செய்தோம். பெட்டியை எடை போட்டு, கூடுதலாக இருக்கிறதென்று நடுவாசலில் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வந்தவர்கள் கையில் கொடுத்தோம். இட்லிப் பானை சித்தப்பா கையில். ஆட்டுரல் குழவி மாதிரி கனத்த புளி மூட்டை மாமா கையில். வடகப் பை மதினி கையில். நானே எடுத்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு மூளை எங்கே போயிருந்ததோ.

டிக்கெட் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. எல்லோரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையாட்ட, நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கவுன்டரில் சின்னப் பெண், சட்டையில் ரெஜினா என்று பெயர். மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த சிரிப்பைச் சிரித்தேன்.

"குழந்தைக்கு எத்தனை வயசு மேடம்?"

"நாலு."

"அப்ப ஸ்ட்ரோலர இங்கயே போட்டுடணும். கேட் வரைக்கும் அலவ் கிடையாது."

"அவ நடக்க மாட்டா."

"தூக்கிக்கலாமே மேடம்?" என்றவள் திரையைப் பார்த்தாள். "சிறப்பு உதவின்னு முதல்ல பதிவு பண்ணியிருக்காங்க. இருபதாம் தேதி நீங்களே கேன்சல் பண்ணிட்டீங்க. 'குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை'ன்னு குறிப்பு போட்டிருக்கு."

மதினி சொன்னது விமானக் கம்பெனி கம்ப்யூட்டரில் ஏறி உட்கார்ந்திருந்தது. எனக்குப் பின்னால் நீளமான வரிசை. பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், பேச்சிலேயே தெரிந்தது. ஒரு ஊழியர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்து, "பாப்பாவ எறக்குங்கம்மா" என்றார். தன்யா பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் எறங்கினா விழுந்துருவேன்ல? அவர்ட்ட சொல்லு."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மழை பெய்தால் நனைவோம்ல என்கிற மாதிரி. நாலு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல எந்த வெட்கமும் இல்லை.

"அவளுக்கு செரிப்ரல் பால்ஸி" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர் தாண்டி மேட்டமலையில் இருக்கிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். "பிறவியிலேயே இருக்கு. அவளால நிக்க முடியாது, நடக்க முடியாது. இந்த வண்டிதான் அவளுக்குக் காலு. கேன்சல் பண்ணது தப்பு. எங்க தப்பு."

 வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். பின்னால் நின்ற ஆள் தன் பெட்டியை நகர்த்தி வண்டிக்கு வழிவிட்டார், அவ்வளவுதான். ரெஜினா ஏதோ பொத்தானைத் தட்டிக்கொண்டே, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றாள். "கெடு முடிஞ்சாலும் மேலதிகாரிகிட்ட கேட்டு போட்டுத் தர்றேன். டாக்டர் லெட்டர் மட்டும் வேணும். குடுங்க."

லெட்டர்! வடகப் பை!

போனைப் போட்டேன். "மதினி, வடகப் பைக்கு அடியில ஒரு பச்சை ஃபைல் இருக்கு. எடுத்துக்கிட்டு வாசலுக்கு வாங்க. ஓடி வாங்க."

"வடகத்துக்கு என்னத்துக்குடி ஃபைலு?"

"வாங்க மதினி!"

ரெஜினா தன்யாவுக்குக் காவல் நின்றாள். நான் கண்ணாடிக் கதவுக்கு ஓடினேன். காவலர் கதவை ஒரு முழம் மட்டும் திறக்கவிட்டார். மதினி வந்தபோது ஃபைல் திறந்திருந்தது. கையெல்லாம் வடகத் தூள். தாள் அடுக்குகிற கையல்லவா, எந்தத் தாளையும் பார்க்காமல் கொடுக்காது. தமிழ்ப் பக்கம்தான் மேலே இருந்தது.

"பெரியவளானாலும்னு போட்டிருக்கே" என்றார்.

"ஆமா மதினி."

"அப்ப நான் போன்ல பேசினது..." வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சட்டென்று கோபம் வந்துவிட்டது. "ஏண்டி, இத்தன வருசம்! ஒத்தையில சொமந்திருக்க. நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

"மேடம், டைம் ஆச்சு" என்றார் காவலர்.

"இருய்யா!" என்று அவரை அதட்டிவிட்டு, ஃபைலை என் கையில் திணித்தார். "போ. வண்டிய விடாத. எவன் கேட்டாலும் வாசல் வரைக்கும் தள்ளிட்டே போ."

தள்ளிக்கொண்டே போனேன். சோதனை இடத்தில் வண்டியின் அடிக்கூடையிலிருந்து மாமா போட்ட சூடம் ஒரு பாக்கெட் வந்தது. எடுத்து வைத்துக்கொண்டார்கள். விமான வாசலில் வண்டிக்கு ஒரு சீட்டுக் கட்டினார்கள், தன்யா அதையும் டிக்கெட் என்று சரிபார்த்தாள். துபாயில் இறங்கும்போது முதல் ஆளாக வாசலில் நின்றது அந்த நீல வண்டிதான். அங்கிருந்து நடந்த தூரத்தை நினைத்தால்! ஓடுகிற தரை, லிப்ட், ரயில் எல்லாம் ஏறி இறங்கினோம். அவள் வழியில் போனவர்களுக்கெல்லாம் ஹாரன் அடித்தாள். வெளியே அவர் நின்றிருந்தார். "கன்பர்ம் ஆயிருந்துச்சுல்ல?" என்றார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை திட்டவில்லை.

ஜூன் 2, திங்கள்

நீட்டல் இருபது. பலகை இன்னும் பார்சலில் வரவில்லை, சுவரைப் பிடித்து ஆறு நிமிடம்.

காலையில் குக்கரை வைத்துவிட்டு மதினிக்குப் போன் செய்தேன். இரண்டு நாளாகப் பயந்துகொண்டு செய்யவில்லை. மாமாவிடம் எப்படிச் சொல்வது, சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது, நீங்களே கொஞ்சம் பக்குவமாக, என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அன்னைக்கே சொல்லியாச்சு" என்றார்.

"யார்ட்ட?"

"வேன்ல எல்லாத்துட்டயும். டிரைவர் தம்பிகிட்டயும் சேத்துத்தான். லெட்டர்ல இருந்தது அம்புட்டையும் ஒரு வரி விடாமச் சொன்னேன். கள்ளிக்குடி வர்றதுக்குள்ள அழுது முடிச்சிட்டோம். விருதுநகர்ல பரோட்டா சாப்பிட்டோம். ஒங்க மாமா நாலு தின்னாரு."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பால்காரன் ராமர் நேத்து கேட்டான், புள்ள நடந்துட்டாளான்னு. நான் சொல்லிட்டேன், அவளுக்கு அப்படித்தான், வண்டியில போவா, சொகமா இருக்கா, பாலை ஊத்திட்டுப் போன்னு. இனிமே நீ ஊருக்கு வந்தா ஒன்ன ஒருத்தரும் அதக் கேக்க மாட்டாங்க மாரி. கேட்டா எங்கிட்ட அனுப்பு."

இரண்டு வருடமாகத் தெருவில் கால் வைத்தாலே நான் பதில் சொன்ன கேள்வி அது. போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான். குக்கர் எட்டு விசில் அடித்திருக்கிறது, காதிலேயே விழவில்லை. பருப்பு கூழாகிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு" என்று அப்பாவும் மகளும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.